முகப்புப் பக்கத்தை அமைப்பது எப்படி: ஏற்காட்டு ஹோம்ஸ்டே ஒன்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெப்சைட் டிசைனுக்கு வருமுன் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை என்று எதற்கு போர்டு அடித்தாலும் விதி ஒன்றுதான்: காசு கொடுத்தவர் முகம் எதுவும் விடுபடக் கூடாது. நடுவில் பெரிய தலை, சுற்றிலும் நடுத்தரத் தலைகள், கீழே பாஸ்போர்ட் சைஸில் வரிசையாக இருபது முகம். ரோட்டில் போகிறவர் அதைப் படிக்கிறாரா என்று ஒருவரும் கேட்டதில்லை. போர்டில் இருப்பவர்களுக்குத் திருப்தி என்றால் வேலை முடிந்தது.

முகப்புப் பக்கத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். அங்கே வருபவருக்கு நம் கடையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் அக்கறை கிடையாது. அவருக்கு ஒரு வேலை ஆக வேண்டும். ஆகுமா ஆகாதா என்று சில நொடிகளில் தெரிய வேண்டும். ஓவியத்திலும் ஃபோட்டோவிலும் கம்போசிஷன் என்று சொல்வது இதற்கு அப்படியே உதவும். பார்ப்பவர் கண் முதலில் எங்கே விழும், அடுத்து எங்கே நகரும் என்று முன்கூட்டியே யோசித்துப் பொருள்களை வைக்கிற வித்தை அது.

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே நான்கு அறைகள் வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவருக்கு அண்மையில் ஒரு முகப்புப் பக்கம் செய்து கொடுத்தேன். அதையே உதாரணமாக வைத்துச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி மில், டியூஷன் சென்டர் என்று எதற்கும் இதே வரிசை ஒத்துவரும்.

முதல் படி: தாளில் எண் போடுங்கள்

கம்ப்யூட்டரை இப்போது திறக்க வேண்டாம். பக்கத்தில் வர வேண்டிய விஷயங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எஸ்டேட் அண்ணன் கொடுத்த பட்டியலில் 17 விஷயம் இருந்தது. அறைகள், வாடகை, தோட்டம் வாங்கிய தாத்தாவின் படம், மிளகு விற்பனை, காபித்தூள் விற்பனை, கேம்ப் ஃபயர், கிள்ளியூர் அருவி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், மே மாதக் கோடை விழா என்று போய்க்கொண்டே இருந்தது. "எல்லாமே மேல வரணுமுங்க தம்பி" என்றார். ஃப்ளெக்ஸ் கடை ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்த ஃபோன் கால்களைக் கவனித்தேன். ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். எல்லோர் கேள்வியும் கிட்டத்தட்ட மூன்றே மூன்று: ரூம் இருக்கா, எவ்வளவு, கார் வாசல் வரைக்கும் வருமா. மூன்றாவது கேள்வி எனக்குப் புதுசு. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகும் கடைசித் துண்டு மண் பாதை. மழை பெய்தால் சின்ன கார்கள் திணறும். அண்ணன் தந்த பட்டியலில் அந்த விஷயமே இல்லை. தாத்தாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு எண் போட்டோம். ஒரே எண்ணை இரண்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. இங்கே சண்டை வரும், வரட்டும். தாளில் வராத சண்டை டிசைன் முடிந்த பிறகு வரும், அப்போது செலவு உங்கள் தலையில். கடைசியில் காபித் தோட்டத்துக்குள்ளேயே தங்கலாம் என்ற ஒரு வரியும் அதற்கான ஒரே படமும் 1. அறை கேட்கும் பட்டன் 2. வாடகை 3. வழி 4. தாத்தா 11-இல் போய் உட்கார்ந்தார். அந்தத் தாளை இரண்டு பேரும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் படி: ஃபோன் திரைக்குக் கட்டம் போடுங்கள்

சேலத்திலிருந்து ரூம் தேடுகிறவரும் சென்னையிலிருந்து தேடுகிறவரும் கையில் வைத்திருப்பது ஃபோன். அதனால் முதல் கட்டம் அதற்குத்தான். டிசைனுக்கு 360 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் பிரவுசரின் பட்டைகள் போக சுமார் 650 கிடைக்கும். அந்தச் சிறு செவ்வகம்தான் உங்கள் நிலம். அதற்குள் 1, 2 இரண்டும் வந்தே ஆக வேண்டும், 3-இன் வாலாவது தெரிய வேண்டும்.

அம்மாப்பேட்டையில் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் கிராஃப் தாளில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மயிலோ மாங்காயோ, கட்டத்தை விட்டு வெளியே போகாது; ஏனென்றால் கட்டத்தில் இல்லாததைத் தறி நெய்யாது. வெப்சைட்டில் அந்தக் கட்டாயம் கிடையாது. எதையும் எங்கேயும் தள்ளலாம். அதனாலேயே கட்டத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

360 பிக்சலில் இரண்டு பக்கமும் 16 பிக்சல் ஓரம் விடுங்கள். மீதி 328. அதை நான்கு பத்திகளாக, அதாவது மேலிருந்து கீழ் ஓடும் பட்டைகளாகப் பிரித்து, பத்திக்குப் பத்தி 16 பிக்சல் சந்து விட்டால், ஒவ்வொரு பத்தியும் 70 பிக்சல் வரும். கம்ப்யூட்டர் திரைக்கு 1200 பிக்சல் அகலத்தில் 12 பத்தி, 24 பிக்சல் சந்து. பத்தி 78 பிக்சல். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எல்லாவற்றாலும் வகுபடும் என்பதால் 12 வசதி. மேலும் கீழும் விடும் இடைவெளியை 8-இன் மடங்குகளில் வையுங்கள்: 8, 16, 24, 32, 48, 64. 19, 27 என்று கைக்கு வந்ததை வைத்தால் ஏன் ஒழுங்கில்லாமல் தெரிகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது; ஆனால் ஒழுங்கில்லாமல்தான் தெரியும்.

இந்தக் கட்டத்துக்குள் வெறும் சாம்பல் பெட்டிகளை மட்டும் வையுங்கள். எழுத்தும் படமும் வேண்டாம். 1 என்ற பெட்டி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறதா? 2 அதற்குத் தொட்டாற்போல இருக்கிறதா? பெட்டிகளிலேயே முதல் எது என்று தெரியவில்லை என்றால், படமும் நிறமும் போட்ட பிறகு மட்டும் தெரிந்துவிடாது.

மூன்றாம் படி: முதல் படம்

இதில்தான் நான் நன்றாகச் சறுக்கினேன். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி, அதற்கு எதிரே பனி மூடிய பள்ளத்தாக்கு. காலை ஆறரை மணிக்கு எடுத்தேன். படத்தை நீளவாக்கில் மூன்று, குறுக்குவாக்கில் மூன்று என்று பிரித்து, முக்கியப் பொருளைக் கோடுகள் வெட்டும் இடத்தில் வைக்கும் மூன்றிலொரு பங்கு விதி ஃபோட்டோ எடுப்பவர்களுக்குத் தெரியும். 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக் காட்சி வரைவதைப் பற்றி எழுதும்போது இதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். அதன்படி நாற்காலியை வலது கோட்டில் வைத்தேன். நாற்காலி இடது பக்கம் பார்த்தபடி இருந்தது. பொருள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பார்ப்பவர் கண்ணும் போகும். ஆகவே இடது பக்கம் தலைப்பு எழுத்து. கம்ப்யூட்டரில் அம்சமாக இருந்தது.

அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஃபோன். "என்ன தம்பி, தூண் படம் போட்டிருக்கீங்க?"

ஃபோனைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. அகலமான படத்தை நிமிர்ந்த திரையில் போட்டால் பிரவுசர் இரண்டு பக்கத்தையும் வெட்டி நடுவை மட்டும் காட்டும். நடுவில் இருந்தது வராந்தாத் தூணும் பனியும். நாற்காலியைக் காணோம்.

இதற்கு இரண்டு வழி. படத்தின் எந்தப் புள்ளி கட்டாயம் தெரிய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லலாம். என் படத்துக்கு இடமிருந்து 70 சதவீதம் என்று கொடுத்தால் நாற்காலி திரும்பி வந்தது. இதைவிட நல்லது, ஃபோனுக்கென்று தனியாக நிமிர்ந்த படம் எடுப்பது. மறுநாள் காலையில் மறுபடியும் மலை ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு படத்துக்காக.

அடுத்த சிக்கல் பனி. வெள்ளை எழுத்தைப் பனிப் படத்தின் மேல் வைத்தால் பாலில் சுண்ணாம்பால் எழுதின மாதிரி. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் வெப் அணுகல் வழிகாட்டியின் அளவு. வெள்ளை எழுத்துக்குப் பின்னால் இருக்கும் சாம்பல், #767676 என்ற குறியீடு கொண்ட சாம்பலைவிட வெளுத்தால் 4.5 கிடைக்காது. பனி அதைவிட எவ்வளவோ வெளுப்பு. படத்தின் மேல் கறுப்புத் திரை போடலாம் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட 45 சதவீதக் கறுப்பு தேவைப்பட்டது. எழுத்து தெரிந்தது, ஆனால் படம் காலைப் பனியாக இல்லை, மழைக்கு முந்தின சாயங்காலமாகிவிட்டது. பனியை விற்க வந்துவிட்டு அதன் மேலேயே கரி பூசுவதில் என்ன லாபம்? எழுத்தைப் படத்துக்குக் கீழே வெள்ளைப் பரப்பில், அடர்ந்த பச்சையில் இறக்கிவிட்டேன். ஃபோனில் மேல் பாதி படம், கீழ்ப் பாதி தலைப்பும் பட்டனும். படத்தின் மேல் எழுத்து வைத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தானாக நகரும் ஐந்து படங்கள் கொண்ட ஸ்லைடர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஐந்து படம் கேட்பவர் எது 1 என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் அர்த்தம், தாளைக் காட்டுங்கள்.

நான்காம் படி: தமிழ் எழுத்துக்கு அளவு

வெளியூர்க் காணொளிகளில் சொல்லித் தரும் எழுத்து விதிகள் பலவும் ரோமன் எழுத்துக்கானவை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாய்வெழுத்தும் நம் கண்ணுக்கு ஒட்டாது. ஆகவே எது முக்கியம் என்று காட்ட நம்மிடம் இருப்பவை அளவு, தடிமன், நிறம், இடம் இவைதான். மூன்று அளவு போதும்: தலைப்பு 32 பிக்சல், துணைத் தலைப்பு 22, உடல் எழுத்து 18. பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு இடையே வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும். 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது, பிழை மாதிரிதான் தெரியும்.

கொக்கிகள் மேலேயும் சுழிகள் கீழேயும் நீள்வதால் தமிழுக்கு வரி இடைவெளி அதிகம் வேண்டும். உடல் எழுத்துக்கு 1.7 மடங்கு, தலைப்புக்கு 1.4 வையுங்கள். ரோமன் எழுத்துக்கு வைக்கும் 1.2-இல் தலைப்பை விட்டால் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கி'யை இடிக்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி கூட்டும் வேலையைத் தமிழில் செய்யவே வேண்டாம். கால் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று சொல் சிதறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு தடிமனோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, நம் சொற்களின் நீளம். "சேர்வராயன்மலைத்தொடரின்" என்று ஆரம்பித்தால் 32 பிக்சலில் அந்த ஒரு சொல்லே வரியை விட்டு வெளியே ஓடிவிடும். அண்ணன் எழுதித் தந்த தலைப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. "காபித் தோட்டத்துக்குள் நான்கு அறைகள்" என்று மாற்றினோம். தலைப்பை எழுதுவதும் லேஅவுட் வேலைதான். வேறு யாரோ எழுதித் தருவார்கள் என்று காலி விட்டுவிட்டு டிசைன் செய்தால் பிறகு அழ வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: சேர வேண்டியது சேரட்டும்

1923-இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் புள்ளிகளை வைத்து ஒரு விஷயத்தை எழுதிக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்கிறது; ஒரே மாதிரி இருப்பவற்றையும் அப்படியே. உளவியலில் கெஸ்டால்ட் என்று சொல்கிறார்கள். நம் வீட்டு வாசலில் கோலப்புள்ளி வைத்ததுமே வரிசைகள் தெரிவதும் இதனால்தான்.

இதைப் பயன்படுத்துவது சுலபம். ஓர் அறையின் படம், பெயர், வாடகை, எத்தனை பேர் தங்கலாம் என்பது, இந்த நான்கும் ஒரு குடும்பம். அவற்றுக்குள் 8 பிக்சல். அடுத்த அறைக்கும் இதற்கும் 32. உள்ளே இருக்கும் இடைவெளி எப்போதும் வெளியே இருக்கும் இடைவெளியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் சுற்றி பார்டர் கோடு, நிழல், பெட்டி எதுவும் தேவைப்படாது. என் முதல் வடிவத்தில் எல்லா இடைவெளியும் 24 வைத்திருந்தேன். ஒரு அறையின் வாடகை அதன் படத்துக்குச் சேருமா, கீழே உள்ள படத்துக்குச் சேருமா என்று புரியவில்லை. விலையில் அந்தக் குழப்பம் வந்தால் கடைசியில் ஃபோனில் தகராறாக முடியும்.

வழி சொல்லும் பகுதிக்கும் இதே விதி. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு, குப்பனூர் வழியாக வேறொரு ரோடு, கடைசியில் மண் பாதை; மழை நாளில் ஜீப் அனுப்புவோம். எல்லாம் ஒரே இடத்தில், மேப்புக்குக் கீழே. மண் பாதையை மறைத்து எங்கேயாவது ஓரத்தில் போட அண்ணன் முதலில் ஆசைப்பட்டார். மேப்பைப் பார்க்கும் அதே கண்ணில் அதுவும் பட வேண்டும் என்று நான் விடவில்லை.

ஆறாம் படி: காலி இடத்தைக் காப்பாற்றுங்கள்

பெட்டிகள் எல்லாம் உட்கார்ந்த பிறகு கிளையன்ட் சொல்லும் முதல் வார்த்தை எனக்கு மனப்பாடம்: "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே." அண்ணனும் சொன்னார்.

அவர் பெண்ணுக்குக் கொலுசு வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும். "கடைக்காரர் எப்படி எடுத்துக் காட்டினாருங்கண்ணா?" என்று கேட்டேன். டப்பாவைக் கவிழ்க்கவில்லை. சிவப்பு வெல்வெட் துணியை விரித்து, ஒரு ஜோடியை மட்டும் வைத்து, சலங்கை வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பிவிட்டார். துணியில் முக்கால்வாசி சும்மாதான் கிடந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, விடுங்க" என்றார்.

ஃபோனில் பகுதிக்கும் பகுதிக்கும் 64 பிக்சல், கம்ப்யூட்டரில் 96 விடுங்கள். பட்டனைச் சுற்றி 24-க்குக் குறையாமல் எதுவும் வர வேண்டாம்.

ஏழாம் படி: நிறம், பட்டன்

சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். பார்வை போய் நிற்பது முந்தியில். மூன்றும் முந்தியாக இருந்தால் அது சேலை இல்லை, பந்தல் துணி. பக்கத்துக்கும் அப்படியே. பின்னணி வெள்ளை, எழுத்து அடர்ந்த பச்சை, மூன்றாவதாக ஒரே ஒரு தூக்கலான நிறம். நாங்கள் பழுத்த காபிப் பழத்தின் சிவப்பை எடுத்தோம். அந்தச் சிவப்பு பட்டனில் மட்டும்தான் வரும். தலைப்பு, கோடு, ஐகான் எதிலும் வராது. அப்போதுதான் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சிவப்பைக் கண்டதும் விரல் போகும்.

பட்டன் உயரம் 48 பிக்சல், ஃபோனில் முழு அகலம். அதில் "சமர்ப்பி" என்று எழுதாதீர்கள், மனு கொடுக்கிற மாதிரி இருக்கிறது. "வாட்ஸ்ஆப்பில் ரூம் கேளுங்கள்" என்று எழுதினோம். தொட்டால் என்ன நடக்கும் என்று அதிலேயே இருக்கிறது.

எட்டாம் படி: அகலத் திரைக்கு விரியுங்கள்

ஃபோனில் சரியானதைக் கம்ப்யூட்டருக்கு விரிப்பது சுலபம்; தலைகீழாகச் செய்வதுதான் கஷ்டம். 12 பத்தியில் படத்துக்கு 7, எழுத்துக்கு 5 கொடுத்தேன். சரிபாதியாக 6-6 வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடும். பெரிய படம் ஒரு பக்கம், சின்னதாக ஆனால் அடர் சிவப்பில் பட்டன் மறுபக்கம், தராசு நேராகிவிடும். அறைகள் நான்கையும் ஒரே வரிசையில் மூன்று மூன்று பத்தியாக நிறுத்தலாம்.

கண் எஃப் எழுத்து வடிவத்தில்தான் நகரும், அதன்படி வை என்று சிலர் சொல்வார்கள். 2006-இல் வெப்சைட் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட கண்ணசைவு ஆய்விலிருந்து வந்தது அது. என் அபிப்பிராயம்: எழுத்து மூட்டையாகக் கொட்டிக் கிடக்கும் பக்கத்தில் பிடிமானம் கிடைக்காத கண் அலைகிற வழி அது. நல்ல தலைப்பும் படமும் இடைவெளியும் இருந்தால் கண் நீங்கள் காட்டுகிற வழியில் வரும்.

ஒன்பதாம் படி: சோதனை

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையைப் பாருங்கள். எழுத்தெல்லாம் மங்கி, பெட்டிகளாகத் தெரியும். முதலில் தெரிவது 1-தானா? அடுத்தது சிவப்புப் பட்டன்தானா? பிறகு, இதைப் பார்த்தே இராத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்ட டீக்கடைக்காரர், "காபித் தோட்டத்துல ரூமு, வாட்ஸ்ஆப்ல கேக்கலாம்" என்றார். போதும்.

மூன்றாவது சோதனையை ஏற்காடு பஸ்ஸில் செய்தேன். வளைவுகளில் சிக்னல் வரும், போகும். ஃபோனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போட்டிருந்தால் கடைசி வளைவு வரைக்கும் வெள்ளைத் திரைதான். வெப்பி (WebP) என்ற, எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி 150 கேபிக்குள் கொண்டுவந்தேன். பக்கத்தின் பெரிய பொருள் இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தின் நிரலிலேயே (code) கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும். பட்டனைத் தொடப் போன விரல் வேறெதையோ தொடும்.

பக்கம் போன மாதம் வெளியானது. முந்தாநாள் அண்ணனிடமிருந்து வாட்ஸ்ஆப்: "தம்பி, கோடை விழா வருது, பெருசா ஒரு பேனர் உச்சியில போட்டுடுங்க." நான் ஒன்றும் எழுதவில்லை, அன்றைக்கு எடுத்த தாளின் படத்தை மட்டும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "சரி, வழிக்குக் கீழ அஞ்சாவதா போடுங்க."